லூபின் செடியும் மச்சானின் கட்டைவிரலும்

நாங்கள் வத்தல்மலையில் குடியிருப்பது என் வீட்டுக்காரியின் வேலையால். மேலே பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். நான் மினிவேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கு இறங்குவேன், ஏறுவேன். ஒருமுறை ஊட்டிப் பக்கம் லோடு போனபோது ஒரு நர்சரியில் லூபினைப் பார்த்தேன். அவரைப்பூவை அடுக்கடுக்காக வைத்துக் கோபுரம் கட்டின மாதிரி ஒரு பூ.

“ஒருதடவை வேர் புடிச்சிட்டா வருஷா வருஷம் பூக்குங்க. ஆனா குளிர் வேணும்” என்றார் நர்சரிக்காரர்.

எங்கள் மலையிலும் மார்கழியில் பல் தந்தியடிக்கும். அந்தக் குளிர் இந்தச் செடிக்குப் போதுமா? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விதை வாங்கி வந்துவிட்டேன்.

விதைத் தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஊறவைத்து ஊன்றினேன். ஆணிவேர் செடி, பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும் என்பதால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நேராக மண்ணிலேயே. அந்த இடம் புதினாவுக்கென்று என் வீட்டுக்காரி கண் வைத்திருந்த இடம்.

முதல் வருஷம் இலைதான். விரித்த உள்ளங்கை மாதிரி இலை. விடியலில் அதன் நடுவில் ஒரு சொட்டுப் பனி பாதரசம் போல உருளும். அது ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்று தினமும் குனிந்து பார்ப்பேன்.

“பூ வருதான்னு பாக்கறீங்களா, கைரேகை பாக்கறீங்களா?” என்பாள் அவள்.

சித்திரை வெயிலில் இலைகள் துவண்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அவளுடைய பூப்போட்ட குடையை எடுத்துப்போய்ச் செடிகளுக்குப் பிடித்தேன். தெருவில் போனவர்கள் எல்லாம், “செடிக்குச் சளி புடிச்சிருக்காங்க?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். குடையில்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தவள் அன்றைக்கே தீர்ப்பு சொன்னாள்: “வர்ற குளிர் முடியறதுக்குள்ள பூக்கணும். இல்லைன்னா புடுங்கிட்டுப் புதினா.”

அடுத்த மார்கழியில் ஒவ்வொரு செடியின் நடுவிலும் விரல் பருமனுக்கு மொட்டுக்கூம்பு ஒன்று எழுந்தது. என் வேனிலிருந்து காய் எடுத்தவர்களுக்கெல்லாம் சேதி சொன்னேன்.

பிறகு ஒருநாள் காலையில் பார்க்கிறேன், ஒரு கூம்பும் இல்லை! எல்லாத் தலையும் போயிருந்தது.

முதலில் முள்ளம்பன்றி என்று நினைத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு ஆடு. அங்கேதான் சிக்கல். லூபின் ஆடுமாட்டுக்கு ஆகாது, விஷம் என்று போனில் படித்திருந்தேன். பூ போனது போகட்டும், ஆட்டைக் கொன்ற பழி வேறா? வேலியைத் தாண்டி ஓடினேன். அந்த ஆட்டைக் கட்டிப்பிடித்து வாயைப் பிளந்து பார்த்தேன். ஆட்டுக்காரம்மா விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தது.

“ஏனுங்க, எங்க ஆட்டைப் பொண்ணு பாக்க வந்தீங்களா? பல்லெல்லாம் எண்றீங்க?”

“அது… தழை ஏதாச்சும் தின்னுச்சாக்கா?”

“இன்னும் அவுத்தே வுடலியே!”

ஆடு என் சட்டைப் பொத்தானைக் கடித்துத் தன் ஆரோக்கியத்தை நிரூபித்தது.

திரும்பி வந்தால், முந்தின நாள் எங்களைப் பார்க்க வந்து தங்கியிருந்த மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். இண்டூர்ப் பக்கம் சாமந்தி போடுகிறவன். டம்ளரைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தில் பச்சைக்கறை.

“என்னங்க மாமா, செடி வெச்சா போதுமா? நுனி கிள்ள வேண்டாமா? நானே எல்லாத்தையும் கிள்ளி வுட்டுட்டேன். இனி பாருங்க, சும்மா கிளை கிளையா அடிக்கும்!”

சாமந்திக்காரன் கை, கொழுந்தைக் கண்டால் சும்மா இருக்காது. நுனியைக் கிள்ளினால் சாமந்தி படர்ந்து பூக்கும். லூபினுக்கு அந்த நுனிதான் பூவே. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன்; அதற்குள் உள்ளேயிருந்து அவன் அக்கா, “புதினாக் குச்சி யாரு வூட்லடா கிடைக்கும்?” என்று கேட்டாள்.

“குளிர் இன்னும் முடியலம்மா” என்றேன். வக்கீல் வாய்தா வாங்குகிற குரல் அது.

அதற்கப்புறம் எனக்கு வேறு யோசனையே இல்லை. கிள்ளின இடத்துக்குக் கீழே, இலை கிளம்புகிற கக்கங்களில் என்ன நடக்கிறது? வேன் கிளப்புமுன் ஒரு பார்வை, திரும்பினதும் ஒரு பார்வை. தை முடிவில் ஒரு கக்கத்தில் பச்சையாய் ஏதோ முட்டியது. இலையாகத்தான் இருக்கும் என்று மனதை அடக்கிக்கொண்டேன். இலையில்லை. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குட்டிக்கூம்பு. பிறகு பக்கத்துச் செடியிலும்.

பூத்தது. நர்சரியில் பார்த்தது ராஜகோபுரம் என்றால் இது தெருமுனைப் பிள்ளையார் கோயில். ஆனாலும் ஊதா, அடியில் வெள்ளை. அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதுக்கா என் குடை?” என்றாள். பிறகு, “இது ஏன் கீழருந்து மேல பூத்துக்கிட்டுப் போவுது?” என்று என்னைக் கேட்டாள். அதைக் கேட்கலாமென்று மச்சானுக்குப் போன் போட்டால், “பாத்தீங்களா மாமா, என் கைராசி!” என்கிறான்.

பங்குனியில் ஒரு மதியம் லோடு இறக்கிவிட்டு மலையேறினேன். வெயில் தகித்தது. வாசலில் ஓட்டைக் குடம் ஒன்றில் புதினா நட்டிருந்தது. தொட்டி ஓரத்தில், செடிகளுக்கு மேலே, பூப்போட்ட குடை விரித்துக் குச்சியில் கட்டியிருந்தது. நான் கட்டவில்லை.