ஷீபா டீச்சரின் வாசிப்பு வகுப்பு

ஷீபா வேலை செய்யும் பள்ளிக்கூடம் உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வரும். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் தேவகி டீச்சருக்கு ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. ஷீபா தற்காலிக ஆசிரியை. தகுதித் தேர்வில் தேறிப் பல வருஷம் ஆகியும் நிரந்தர வேலை வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் அந்த வருஷம் அவளுக்கு வேலை உண்டா என்று தெரியும்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். அந்தத் தெருவில் முதலில் டீச்சர் ஆனவள் ஷீபா. பெற்ற அம்மாவே பக்கத்து வீட்டுக்காரியிடம் "டீச்சர் வன்ட்டாளா?" என்றுதான் விசாரிப்பாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் கணவன் சாம்சன், அங்கேயே பெண்களுக்கும் ஆள் எடுக்கிறார்கள், இதைவிடச் சம்பளம் கூட வரும் என்று பலமுறை சொல்லிவிட்டான். தன் தெருவே கூப்பிடும் அந்தப் பெயரைக் கழற்றிவைத்துவிட்டுக் கம்பெனி வண்டியில் ஏற ஷீபாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் வகுப்பில் அம்முலு என்றொரு பெண். பொங்கல் முடிந்தால் அவள் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், பிள்ளையும் கூடவே போய்விடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் பாதிப் படிப்புதான். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லுவாள். சேர்த்துப் படிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்வாள். ஜூலையில் ஷீபா அவள் அம்மா கோவிந்தம்மாளைப் பார்த்துப் பேசினாள். இந்த ஒரு வருஷம் பிள்ளையைச் சூளைக்குக் கூட்டிப்போக வேண்டாம், படிக்க வைத்துக் காட்டுகிறேன் என்றாள். கோவிந்தம்மாள் யோசித்து, தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டாள்.

கடைசிப் பீரியட்தான் வாசிப்பு வகுப்பு. படிக்கத் திணறும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சிறு கதைப் புத்தகம் கொடுத்து, ஷீபா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தீபாவளி வரைக்கும் அம்முலுவிடம் பெரிதாக மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் 'படகு' என்று விரலை வைத்துச் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தவறு செய்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். சரியானதற்கு நேரே உள்ள வட்டத்தைக் கருப்பாக நிரப்ப வேண்டும். விடைத்தாளைக் கம்ப்யூட்டர் திருத்தும். எந்தப் பள்ளி எந்த இடம் என்று பிறகு பட்டியல் போடுவார்கள். மறுநாளே கடைசிப் பீரியட் மாதிரித் தேர்வுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வட்டத்துக்கு வெளியே போகாமல் நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள் போயின. ஷீபா அதைப் பற்றிக் கேட்டபோது தேவகி டீச்சர், தேர்வு முடியட்டும் என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரியில், தேர்வுக்கு முந்தின வாரம், அவர் ஷீபாவைத் தனியாகக் கூப்பிட்டார். வகுப்பில் இருப்பதே ஏழெட்டுப் பிள்ளைகள், அதில் ஒன்று சறுக்கினாலும் பள்ளிக்கூடமே சறுக்கியதாகிவிடும் என்றார்.

"அம்முலுவ அன்னிக்கு ஒருநாள் வூட்லயே இருக்கச் சொல்லிடு. ஒடம்பு சரியில்லன்னு போட்டுக்கலாம். நான் ரிட்டயர் ஆகிப் போய்டுவேன், ஷீபா. உன் வேலைக்குத்தான் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. அதனால்தான் ஷீபாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்முலு தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனாள். சூளையில் வேலை இல்லாத நாள் என்று கோவிந்தம்மாளும் வந்திருந்தாள். ஷீபா வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள். "பரிச்சையாமே டீச்சர்? புள்ள சொல்லிக்கினே கீது. புதுப் பென்சில் வாங்கியாந்து குடுத்துட்டேன். நீ சொன்னன்னுதான் இதை உட்டுட்டுப் போனேன், தெரியுமா? அங்க எனக்குச் சோறே எறங்கல." ஷீபா அவள் கொடுத்த டீயைக் குடித்தாள். பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைக்கச் சொன்னாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினாள். பஸ்ஸில் அவளுக்கு நிம்மதியாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

தேர்வன்று அம்முலு தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். தேவகி டீச்சர் அவளைப் பார்த்தார், ஷீபாவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி தேர்வு நடத்த வந்திருந்தாள். ஆசிரியர்கள் அறைக்குள் வரக்கூடாது. ஷீபா வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் பழகிய கையோடு வட்டங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். அம்முலு மட்டும் முதல் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்வரை அவள் பக்கத்தைத் திருப்பவே இல்லை. தாளை வாங்க வந்தபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேர்வு நடத்த வந்தவள் பக்குவமாகத்தான் பிரித்து எடுத்தாள்.

வெளியே வந்ததும் அம்முலு நேராக ஷீபாவிடம் ஓடிவந்தாள்.

"டீச்சர், ஒரு நாய்க்குட்டி பஸ்ல ஏறிடுச்சு. பஸ்ஸு கெளம்பிடுச்சு. அது எங்க எறங்கிச்சு?"

கேள்வித்தாளில் இருந்த கதை அது. எல்லாத் தாளையும் உறையில் போட்டு ஒட்டி எடுத்துப் போய்விட்டார்கள். ஷீபா அதைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதுடி."

"அப்பறம் யாருக்குத் தெரியும்?"

ஒரு கதை பாதியில் நின்றுபோனதற்காக அந்தப் பிள்ளை கோபப்பட்டு அன்றுதான் ஷீபா பார்த்தாள். எவ்வளவு சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நாய்க்குட்டி எங்கே இறங்கியது என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்டாள். யாரும் கதையைப் படித்திருக்கவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. வட்டாரத்திலேயே கடைசியில் இருந்த சில பள்ளிகளில் அவர்களுடையதும் ஒன்று. கூட்டத்துக்கு இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். திரையில் பள்ளியின் பெயர் சிவப்பில் இருந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி சத்தம் போடுகிறவர் இல்லை.

"ஒரு பிள்ளை ரெண்டே கேள்விக்குத்தான் குறிச்சிருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் குறிச்சிருந்தாக்கூட நாலுல ஒண்ணு சரியா வந்திருக்கும். இதுகூடவா சொல்லித் தரல?"

தேவகி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஷீபா எழுந்தாள்.

"அவ படிச்சிக்கினு இருந்தா சார்."

"படிக்கிறதுக்கு வருஷம் பூரா இருக்கேம்மா. அன்னிக்கு ஒருநாள் குறிச்சிருந்தாப் போதும்."

சிலர் சிரித்தார்கள். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னார். ஷீபா உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். இறங்கும் முன்பு தேவகி டீச்சர், தானும் ஒரு காலத்தில் இப்படி எழுந்து நின்றதுண்டு என்றும், அதன் பிறகு நிற்கவில்லை என்றும் சொன்னார்.

ஜூனில் ஷீபாவுக்கு வேலை மறுபடி கிடைத்தது. அந்தக் கிராமத்துக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். கூடவே ஒரு உத்தரவும் வந்தது. பின்தங்கிய பள்ளிகளில் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே எல்லா வகுப்புக்கும் கடைசிப் பீரியடில் மாதிரித் தேர்வு. தினமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சாம்சன் கம்பெனி வேலையைப் பற்றி மறுபடி கேட்டான். அந்த முறை அவள் முடியாது என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றாள்.

அம்முலு நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மாதிரித் தாள்களில் வரும் கதைகளை மட்டும் தேடிப் படிக்கிறாள், கேள்விகளை விட்டுவிடுகிறாள். அதற்காக அவளைத் திட்ட வேண்டியது ஷீபாவின் வேலை. சில நாள் திட்டுகிறாள். சில நாள் போட்டோ எடுத்து முடித்ததும் பார்க்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.