கலங்கல் நீரில் மச்சினனைத் தவறவிட்ட நாள்

அன்பானவர்களே, கடலுக்கடியில் என் மனைவியின் தம்பியைத் தவறவிட்டவன் நான். அதை மறைத்துவிட்டு ஆண்டவரின் இரக்கத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உப்புவெளியில் பன்னிரண்டு வருடமாகச் சுழியோடியாக இருக்கிறேன். வெளிநாட்டவரைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுவது தொழில். அங்கே நீர் கண்ணாடி மாதிரி. படகு நங்கூரம் போட்ட இடத்திலேயே நிற்கும். சுற்றிவிட்டு அதனடிக்கே திரும்புவோம். எனக்கு அதுதான் பழக்கம்.

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இலங்கைத்துறையில் பாறையில் சிக்கிய வலையொன்றை எடுத்துக்கொடுக்கப் போனோம். மச்சினன் றெஜி அப்போதுதான் சுழியோடப் பழகியிருந்தான். மழைக்குப் பிறகு வெருகல் ஆற்றுவெள்ளம் கடலில் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர் தங்கராசா அண்ணை கயிறு கட்டிய மிதவையொன்றை நீட்டினார்.

“தம்பி, இது உங்கட கடல் மாதிரி இல்லை. இதைக் கட்டிக்கொண்டு இறங்குங்கோ. மிதவை போற பக்கம் நான் படகைக் கொண்டு வருவன்.”

“வேண்டாம் அண்ணை, கயிறு சிக்கும். நீங்கள் நங்கூரத்தைப் போட்டிட்டு இருங்கோ” என்று சொல்லி முதலில் குதித்தேன். தலைக்கனம், வேறென்ன!

அடியில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. என் பின்னால் குதித்த றெஜியின் கையைப் பிடித்திருந்தேன். நீரோட்டம் ஒரே இழுப்பில் அதைப் பறித்தது. தடவினேன். தேடினேன். படகு நிற்கும் பக்கம் என்று நினைத்து நீரை எதிர்த்து அடித்தேன். சிலிண்டரில் காற்று குறைந்தது. மேலே வந்தால் படகும் இல்லை, றெஜியும் இல்லை. மனைவியிடம் போய் என்ன சொல்வேன்? “ஆண்டவரே, நான் போனாலும் பரவாயில்லை, அவனைக் காப்பாற்றும்” என்று கத்தினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

பிறகு நீந்துவதை நிறுத்தினேன். அந்த எண்ணம் என்னுடையதல்ல என்றே இன்றும் நம்புகிறேன். மிதக்கவைக்கும் ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, நீர் போன போக்கில் கிடந்தேன். மனம் மட்டும் அடங்கவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். எஞ்சின் சத்தமே இல்லாமல் படகு வந்தது. அதில் றெஜி!

“அத்தான்!” என்று அழுதபடி என்னைத் தூக்கினான். நான் குதித்த பிறகு அண்ணை மிதவையை அவனிடம் கொடுத்திருக்கிறார். மறுக்கக் கூச்சப்பட்டு அவன் கட்டிக்கொண்டானாம். நீரோட்டத்தில் போன அந்த மிதவையின் பின்னால் படகை விட்டு, அவனை உடனே ஏற்றியிருக்கிறார்.

“உங்களை எங்கயெண்டு தேடுறது? நீங்கள் குதிச்ச இடத்துக்குத் திரும்பிப் போய், எஞ்சினை நிப்பாட்டி, படகை நீரோட விட்டனான். நீந்தாமல் கிடந்தால் நீங்களும் அந்த வழியாலதானே வருவீங்கள்” என்றார் அண்ணை.

“அத்தான், உங்களைக் காட்டச் சொல்லித்தான் ஜெபிச்சுக்கொண்டு இருந்தனான்” என்றான் றெஜி. நான் அவனுக்காக அழுத நேரமெல்லாம் அவன் படகிலிருந்து எனக்காக அழுதிருக்கிறான். தொலைந்தவன் நான்தான்.

இப்போது புதிய கடலென்றால், அந்த ஊர் மீனவரிடம் கேட்காமல் காலைக்கூட நனைப்பதில்லை. கலங்கல் நீரைக் கண்டால் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. படபடக்கட்டும். எல்லாம் தெரியும் என்று இருப்பவர்களே, “எனக்குத் தெரியாது, ஆண்டவரே” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதைச் சொல்ல நான் நடுக்கடல் வரை போகவேண்டியிருந்தது. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்தே சொல்லலாம்.