பாகு மக் நிரம்பியிருந்தது

கப்பல் சாயங்காலம் ஐந்து மணிக்கு இல்லை, பகல் பன்னிரண்டுக்கே எடுக்கிறார்கள் என்று போன் வந்தபோது மணி ஒன்பதரை. கேம்பல் பேக்குப் போகவேண்டிய கேக் அத்தனையும் ஓவனுக்குள் இருந்தது.

பேசியது மாலதி டீச்சர். தெற்குக்கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பே பள்ளிக்கூடத்தில் வேலை. போர்ட் பிளேருக்கு ஏதோ ஆபீஸ் வேலையாக வந்தவர், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன் அந்தக் கப்பலில் திரும்புவதாக இருந்தார். "மாஸ்டர், வெதர் சரியில்லையாம், ப்ரீபோன் பண்ணிட்டாங்க. பதினொன்றரைக்குள்ள கப்பல் ஏறுற ஜெட்டிக்கு வந்தா வாங்கிட்டுப் போறேன். இல்லைன்னா ஸாரி" என்றார்.

பேக்கரி வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஒரே கடையில் இருபத்திரண்டு வருடம் மாஸ்டராக இருந்தேன். அதற்கு முன்னால் தூத்துக்குடியில். கேக் கருக்கியிருக்கிறேன், சீனிக்குப் பதில் உப்பு அள்ளியிருக்கிறேன். அதெல்லாம் இரண்டு வசவோடு போய்விட்டது. இது அப்படிப் போகாத தப்பு. சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

1. புனிதாவின் ஆறு கேக்

எங்கள் கடையில் டிசம்பர் பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு, பாட்டிலில் இஞ்சி ஒயின் என்று தீவுதீவாகப் போகும். பார்சல் கட்டி ஆபீசில் போடுகிறவர்கள் குறைவு. கப்பலில் போகிற தெரிந்த ஆள் கையில் கொடுத்துவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அந்த ஆள் டிக்கெட் எடுத்த அன்றே அவருக்கு நாலு பேருடைய மூட்டை சேர்ந்துவிடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. நாளைக்கு நம்முடையதும் இன்னொருவர் கையில்தானே போகவேண்டும்.

கேம்பல் பேயிலிருந்து புனிதா என்ற பெண் நவம்பரிலேயே போன் செய்திருந்தாள். மாமனார் பட்டாளத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். ஆறு கேக் வேண்டும், ஒன்று வீட்டில் வெட்ட, ஐந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க.

"ஆறுமே ரம் இல்லாம வேணும் மாஸ்டர்."

"வெட்டுறதை மட்டும் ரம் இல்லாமப் போடுதேன். கொடுக்கிறதுக்கு ரம் இருந்தாத்தாம்மா வாசம்."

"வேண்டாம், வேண்டாம். வீட்டுக்குள்ளயே அது வரக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இவங்க குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சு. அதுக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. அந்த மாத்திரை உடம்புல இருக்கறப்ப ஒரு சொட்டு உள்ள போனாலும் உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இருமல் மருந்துகூட பார்த்துத்தான் வாங்குறேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. சின்ன ஊரு, தெரிஞ்சா வேணும்னே ஊத்திக் குடுக்க ஆள் இருக்காங்க. உங்ககிட்டதான் சொல்றேன். முதலாளிகிட்டகூட சொல்லிடாதீங்க மாஸ்டர்."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். பழத்தை ஆரஞ்சு ஜூஸில் தனி ஜாடியில் ஊறப்போட்டேன். மாவைத் தனிப் பாத்திரத்தில் அடித்தேன். அடையாளத்துக்கு அந்த ஆறின் தலையிலும் செர்ரி வைத்தேன், மற்றதில் முந்திரி. இவ்வளவு பதனமாகச் செய்தவன்தான் நான்.

2. கைப்பழக்கம்

பிளம் கேக்கில் கடைசி வேலை ஒன்று உண்டு. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு மேலே குச்சியால் குத்தி, பிரஷ்ஷால் ரம் தடவவேண்டும். சூட்டில் உறிஞ்சிக்கொள்ளும். ரம் வேண்டாத கேக்குக்குச் சீனிப்பாகு. மேசையில் இரண்டு அலுமினிய மக், இரண்டு பிரஷ். வலதுகைப் பக்கம் ரம், இடதுகைப் பக்கம் பாகு. வருடக்கணக்காக அப்படித்தான்.

அன்று பத்தேகாலுக்கு டிரே எல்லாம் வெளியே வந்தது. முதலாளி வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு "மாஸ்டர், ஆச்சா? ஆச்சா?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் குத்தினேன், தடவினேன், குத்தினேன், தடவினேன். ஃபேனை வைத்து ஆற்றி, பட்டர் பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, பதினொன்றேகாலுக்கு பீனிக்ஸ் பே ஜெட்டியில் டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன். "புனிதா கேக்கு. நேரா அவங்க கையில குடுத்திருங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். எனக்கே என்மேல் அப்படி ஒரு பெருமை. வரும் வழியில் நின்று டீ குடித்தேன்.

கடைக்குத் திரும்பி மேசையைக் கழுவ வந்தேன். வலதுகைப் பக்கத்து மக் காலி. இடதுகைப் பக்கத்து மக்கில் பாகு காலையில் ஊற்றியபடியே விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதன் பிரஷ் காய்ந்து கிடந்தது.

செர்ரியைக் கண் பார்த்திருக்கும், கை பார்க்கவில்லை. கை அதன் பாட்டுக்கு வலதுபக்கமே போய்வந்திருக்கிறது. ஆறு கேக்கும் ரம்மைக் குடித்துவிட்டுக் கப்பலேறிவிட்டது.

மணி பன்னிரண்டேகால். கப்பல் போய்விட்டிருந்தது.

3. "ஒரு சொட்டு ரம்முக்கா?"

டீச்சருக்குப் போன் போட்டேன். கடலில் ஏது டவர்? புனிதாவுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கேம்பல் பேக்கு அடிக்கடி போகிற ஆட்களை விசாரித்ததில், அங்கே இரண்டு நாளாக மழை கொட்டுகிறது, டவர் படுத்துவிட்டது என்றார்கள். கப்பல் போய்ச்சேர மூன்று நாள். அதற்குள் டவர் எழுந்தால் பிழைத்தோம். எழாவிட்டால் டீச்சர் கேக்கைக் கொடுப்பார், அவள் நம்பி வெட்டுவாள், முதல் துண்டைப் புருஷன் வாயில்தான் வைப்பாள். அங்கே ஆஸ்பத்திரி சின்னது. சீரியஸ் என்றால் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் கொண்டுவரவேண்டும். இந்த மழையில் ஹெலிகாப்டர் எங்கே பறக்கும்?

முதலாளி சண்முகம் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. ரம் இல்லாத கேக்கில் ரம் தடவிவிட்டேன் என்றேன்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கீரு? ஓவன்ல எல்லாம் ஆவியாப் போயிருக்கும்லா?"

"தடவினது ஓவனுக்குப் பொறகு அண்ணாச்சி. அப்படியே இருக்கும்."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒரு துண்டு தின்னா என்ன, மயங்கியா விழப் போறாங்க?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் அண்ணாச்சிக்குப் புரியும், உடனே ஓடிவருவார். ஆனால் சாயங்காலத்துக்குள் கடைக்கு வருகிற பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். அதில் இரண்டு பேராவது கேம்பல் பேக்காரர்களாக இருப்பார்கள். "கப்பலாபீசுக்குப் போய் வயர்லெஸ்ல சொல்லச் சொல்லப் போறேன் அண்ணாச்சி" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீரு?"

"கேக் கெட்டுப்போச்சு, கடல்ல போட்டுருங்கன்னு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஓய், உமக்குப் பைத்தியமா? அந்தக் கப்பல்ல பாதிப் பேரு கையில நம்ம கேக்குதான் போகுது! ஒரு சொட்டு ரம்முக்கா என் கடைப் பேரக் கெடுக்கப் பாக்கீரு? போனீருன்னா திரும்பி வராதேயும்!"

என் வாழ்க்கையில் வேலை போய்விடும் என்று பயந்தது அன்று ஒருநாள்தான். பயந்துகொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

4. வயர்லெஸ்

கப்பலாபீசில் இருந்தவர் ஒரு பெங்காலிக்காரர், அவர்கள் வழக்கப்படி தாதா, அண்ணன், என்று கூப்பிடுவோம். வருடா வருடம் எங்களிடம் கேக் வாங்குகிறவர். எங்கள் ஊரில் தமிழன், பெங்காலி, தெலுங்குக்காரன் எல்லோருக்கும் பொது ஹிந்திதான். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன்.

"கராப் ஹோ கயா? ஆப்கா கேக்?" அவர் நம்பவே இல்லை. உங்கள் கேக்கா கெட்டுப்போனது என்று மறுபடியும் கேட்டார்.

"ஹான் தாதா. மேரா கல்தி." என் தப்புதான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மைக்கில் அறிவித்தால் கடை பெயரோடுதான் வரும், எல்லோரும் கேட்பார்கள், யோசித்துச் சொல் என்றார். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். "போல் தோ தாதா" என்றேன், சொல்லிவிடுங்கள் என்று. அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

கடைக்குத் திரும்பினேன். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை. நானாகவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மறுநாள் மாவுக்கு முட்டை உடைக்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாள் பகலில் டீச்சரிடமிருந்து போன். கப்பல் வழியில் கமோர்ட்டா தீவில் நின்றிருந்தது, அங்கே டவர் இருந்தது. மழை இரைச்சலுக்குள் விட்டுவிட்டுக் கேட்டது.

"மாஸ்டர், என்ன கூத்து இது? கப்பல் பூரா உங்க பேச்சுதான். ஆளாளுக்கு உங்க கேக்கைத் தூக்கிக் கடல்ல போடுறாங்க. நான் பிரிச்சுப் பார்த்தேனே, கமகமன்னு இருக்கு! பாவம் அந்தப் பொண்ணு ஆசையா சொல்லியிருக்கு. நான் குடுத்துடறேன்."

"டீச்சரம்மா, குடுத்திராதீங்க! வாசத்தப் பாக்காதீங்க. முட்டை கெட்ட முட்டை. நாறின முட்டைன்னு தெரிஞ்சே ஊத்திட்டேன்."

"தெரிஞ்சேவா? சீ! என்ன மனுஷன் நீங்க!"

"ஆமா, அப்படித்தான்னு வச்சுக்கோங்க. ஆறையும் கடல்ல போடுங்க. ஒண்ணுகூட அவ வீட்டுக்குப்..."

லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாறின முட்டை என் கைப்பட மாவில் விழுந்ததில்லை. அதைச் சொன்ன வாய் அன்றெல்லாம் கசந்தது. நான் கடைசியில் சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்று நாள் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே மாவுக்கையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பதினொரு மணிக்கு அடித்தது. புனிதாவின் நம்பர்.

"மாஸ்டர், இப்பதான் டவர் வந்துச்சு. டீச்சர் வந்தாங்க. கேக்கைக் கடல்ல போட்டுட்டேன்னாங்க. உங்களைத் திட்டித் தீர்த்துட்டாங்க. என்ன ஆச்சு?"

அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். மக், பிரஷ், என் கை எல்லாவற்றையும். அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது.

"மாத்திரை விஷயம் யார்கிட்டயாவது..."

"இல்லம்மா. எங்க அண்ணாச்சிகிட்டகூட சொல்லலை."

"அப்ப கெட்ட முட்டைன்னு சொன்னது?"

"அந்தக் கெட்ட பேரு என்னோட போகட்டும். உங்க வீட்டுக்கு ஒண்ணுமில்ல."

அவள் நன்றி சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. வீட்டிலேயே ரவா கேக் குக்கரில் போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவரே ஒரு டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை.

5. அடுத்த டிசம்பர்

அடுத்த வருடம் கேம்பல் பே ஆர்டர் பாதிக்குப் பாதி விழுந்துவிட்டது. ஜெட்டியில் என்னைப் பார்த்து "முட்டை மாஸ்டர்" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. மாலதி டீச்சர் எங்கள் கடைப்பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். பாகு மக்கை நான் மேசையிலிருந்தே எடுத்துவிட்டேன். ரம் இல்லாத கேக் இன்னொரு மேசையில், இன்னொரு நாளில். அவசரம் என்று யார் கத்தினாலும் தடவும் முன்பு கையைக் கட்டிக்கொண்டு டிரேயை ஒருதரம் எண்ணிப் பார்ப்பேன். பழகிய வேலையில்தான் தப்பு வரும். புது வேலையில் கண்ணும் கூடவே இருக்கும், பழகிய வேலையைக் கை தனியாகச் செய்துவிடும். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பாடம் இவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு ஆண்குரல் போனில் கூப்பிட்டது. கனமான, அதட்டுகிற குரல்.

"கேம்பல் பேலேர்ந்து ஜோசப் பேசறேன். புனிதா வீட்டுக்காரர். ஆறு கேக் வேணும். ரம் கூடாது, தெரியும்ல? போன வருஷம் அழுகின முட்டையைப் போட்டு எங்க கிறிஸ்துமஸையே கெடுத்தீங்களாமே! புனிதா எவ்ளோ ஆசையா காத்திருந்தா தெரியுமா? இந்த வருஷமாவது ஒழுங்கா, சுத்தமா பண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் இன்னும் திட்டினார். நல்ல தெளிவான குரல், ஒரு வார்த்தை குழறவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றேன். "ஆறும் நானே பண்றேன்."