பாண்டீஸ்வரி கைச் சந்தனம்

"இதை வீட்ல எந்த எடத்துல வைக்கப் போறீக?"

பெட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பாண்டீஸ்வரி இதைக் கேட்காமல் விடமாட்டாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் அந்த மொபைல் கடைக்கு டேப்லெட் வாங்க வருகிறவர்கள் முதலில் திகைத்துத்தான் போவார்கள். வாரண்டி எவ்வளவு காலம், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்க வந்தவர்கள் அவர்கள். தங்களிடமே ஒரு கேள்வி திரும்பி வருமென்று யார் கண்டது? டிவிக்குப் பக்கத்தில் என்பார் ஒருவர். பீரோவுக்கு மேலே என்பாள் ஒருத்தி. பதில் வந்ததும் பாண்டீஸ்வரியின் பார்வை வந்தவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விடும். அந்த பீரோ, அதன் கண்ணாடியில் ஒட்டி மறந்த ஸ்டிக்கர் பொட்டுகள், கொடியில் காயும் துண்டு, விளக்குப் போடும் நேரத்தில் சுவரில் விழப்போகும் திரையின் நீல வெளிச்சம், எல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். பீரோ மேலே வேண்டாம், ஜன்னல் வெயில் நேராக விழும் என்பாள். அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. வந்தவள் வாயைப் பிளந்துகொண்டு, ஆமாம், விழும்தான் என்பாள்.

நாற்பதை ஒட்டிய வயது. கணவர் மில்லில் ஷிப்ட் வேலை, மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலை பஸ்ஸில் வலதுபக்க ஜன்னல் சீட்டுதான் வேண்டும் அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த பஸ் வரட்டும் என்று நின்றுவிடுவாள். அந்தப் பக்கம்தான் மலை. மலையில் மேகம் இறங்கியிருக்கும் நாட்களில் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விடுவாள். அந்த ரூட் கண்டக்டர்களுக்கு இது பழகிப்போயிற்று. "அக்கா, ஸ்டாப் வந்துருச்சு. மேகத்தை அங்கனயே விட்டுட்டு எறங்குங்க," என்று குரல் கொடுப்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல், ஏதோ பாதியில் எழுப்பப்பட்டவளைப் போல இறங்குவாள்.

கடையிலும் அவளுக்கு ஒரு ஜன்னல் உண்டு. கல்லாவுக்கு எதிரே ஸ்டாண்டில் காட்சிக்கு நிற்கும் டேப், டிஸ்பிளே பீஸ் அது. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய படம் அதில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும்: ஒரு கடல், ஒரே ஒரு படகு, ஓரமாக வந்து திரும்பிப் போகும் ஒரு வெள்ளைப் பறவை. முதலாளிக்குச் சத்தம் ஆகாது என்பதால் வந்த நாளிலிருந்தே அது ஊமை. பாண்டீஸ்வரி நிஜக் கடலை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், திருச்செந்தூரில், சஷ்டிக் கூட்டத்தில். அன்றைக்குக் கடலைவிடத் தலைகள்தான் நிறையத் தெரிந்தன. இந்தக் கடல் அப்படியா? ஆளே இல்லாமல் அவளுக்கென்றே அடித்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு அந்தப் பீஸை நீயே எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று அவள் எத்தனையோ பஸ் பயணங்களில் யோசித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் இடம் சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் ஓர் இடம் அமையவில்லை என்பது வேடிக்கைதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கேள்வி முடிந்ததும் பெட்டியைத் திறந்து டேப்பை வெளியே எடுப்பாள். மேசை டிராயரில் சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் பன்னீர் விட்டுக் கொஞ்சம் தளரக் குழைத்த சந்தனம். மோதிர விரலால் தொட்டு, டேப்பின் மேல்விளிம்பில் நட்டநடுவே ஒரு பொட்டு, அதன்மேல் துளி குங்குமம். அதுதான் நெற்றியாம். புது வண்டிக்கு வைக்கிறோம், புது மோட்டாருக்கு வைக்கிறோம், இது மட்டும் என்ன பாவம் செய்தது என்பது அவள் கட்சி. கைராசிக்காரி என்று பெயர் பரவிவிட்டது. கிண்ணத்தை வாங்கிக் கொடுத்ததே முதலாளி சங்கரராஜாதான்.

இப்படியே போயிருந்தால் இதை எழுத ஒன்றுமில்லை. இந்த வருஷம் சிமோரா டேப் வந்தது.

வேறு எதிலும் அது உசத்தியில்லை, சத்தத்தில் உசத்தி. மேல்விளிம்பில் அகலமான துளைகள், உள்ளே பெரிய ஸ்பீக்கர். செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கிற பெண்கள் மெஷின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். அவ்வளவுதான், தையல் கூடத்துக்குக் கூடம் தீப்பிடித்த மாதிரி பரவிற்று. மகாராஜபுரத்திலிருந்து மொக்கைச்சாமி என்ற சம்சாரி வந்தார். மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார், பன்றித் தொல்லை. ராஜபாளையத்து நாய் குரைக்கும் வீடியோ ஒன்றை இதில் ஓடவிட்டால் பன்றி எட்டிப் பார்க்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று பாண்டீஸ்வரி கேட்க, "பரண் மேல, தாயி," என்றார். அன்றைக்கு முழுக்க அவள் அந்தக் காவல் பரணிலேயே இருந்தாள். சோளக் கதிர்கள் அசைகிற ஓசை, அடிவாரத்துக் குளிர், இருட்டில் தனியாகக் குரைக்கும் ஒரு கண்ணாடிப் பலகை. வந்தவர்களுக்குக் கேபிள் எடுத்துக் கொடுக்கக்கூட மறந்துபோனாள்.

வந்த சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. அடுத்தது எப்போது வரும் என்று கேட்டால் கம்பெனியில் வாரம் ஒரு பதில். ஜனங்கள் விடுவார்களா? விடிந்தால் ஷட்டர் முன்னால் வந்து நின்றார்கள். மதுரையில் கிடைக்கிறதாம், தென்காசியில் கிடைக்கிறதாம் என்று ஓடி, அங்கேயும் இல்லையென்று திரும்பி வந்து பாண்டீஸ்வரியிடம் புலம்பினார்கள். வாங்கியவர்கள் ஏதோ வரம் பெற்றவர்கள்போல நடந்தார்கள்.

பிறகுதான் தொண்டை கட்டியது.

முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வரிசையாக. சத்தத்துக்குப் பேர்போன டேப்பில் குரல் கரகரத்து நடுங்கியது. சரிசெய்ய அனுப்பிய பீஸ்கள் கம்பெனியிலிருந்து அப்படியே திரும்பி வந்தன. கூடவே போட்டோவும் வந்தது: ஸ்பீக்கர் துளைகளில் காய்ந்து அடைத்த மஞ்சளும் சிவப்பும். ஈரம் உள்ளே போயிருக்கிறது, வாங்கியவர் தவறு, வாரண்டி கிடையாது.

சங்கரராஜா அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாடிக்கையாளர்களுக்குப் புரியக்கூடாது என்றால் தெலுங்கில் பேசுவார். இத்தனை வருஷத்தில் பாண்டீஸ்வரிக்கும் அது புரியும் என்பதை மறந்துவிடுவார். "எந்த பனி சேஸ்திவம்மா," என்றார் மெதுவாக. என்ன காரியம் செய்துவிட்டாய் அம்மா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. துளை இருக்கிறது என்று தெரிந்தும் அங்கேயேதான் வைத்திருக்கிறாள். நெற்றி என்று நினைத்தாளே தவிர வாய் என்று நினைக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து, ஆள் உயர அலமாரிக்கு மேலே, பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அவள் வைத்த பொட்டால் எத்தனை வீட்டில் டேப் ஊமையாகப் போகிறதோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் மலை வந்தது, மேகம் வந்தது, அவள் குனிந்து தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்லும் முன்பே எழுந்து நின்றாள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கடை வாசலில் நின்று கேட்டார்கள். எல்லோரைவிடவும் மொக்கைச்சாமி கேட்டதுதான் அவளைத் தைத்தது. நாய்க்குக் குரல் போனதும் பன்றி இறங்கிவிட்டது. ஒரு பக்கச் சோளம் காலி. அவர் கத்தவில்லை. "ஒன் கைராசி எஞ் சோளத்தைப் பன்னிக்கு எழுதிக் குடுத்துருச்சு தாயி," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் யாரிடமும் அவள் இடம் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லோரையும் போலப் பில் போட்டாள்.

அப்படி ஒரு மத்தியானம் எலினா வந்தாள். செட்டியார்பட்டிக்காரி, வீட்டு முன்னறையில் இன்னும் இரண்டு பெண்களோடு நைட்டி தைக்கிறவள். மெஷின் அதிர்வில் டேப் நகர்ந்துகொண்டே போகிறது, கனமான ஸ்டாண்ட் இருந்தால் கொடுங்கள் என்றாள். பேச்சோடு பேச்சாகப் பாண்டீஸ்வரி, டேப் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்கும் தொண்டை கட்டித்தான் இருக்கிறது என்றாள் எலினா சாதாரணமாக.

ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரியின் கை நின்றது. எலினா வாங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சந்தனத்தைத் தொட்ட விரல் டேப் பக்கம் போகும்போதுதான் எலினா கழுத்தில் கிடந்த சிலுவை கண்ணில் பட்டது. அவர்கள் வழக்கம் என்னவோ என்று தயங்கி, தொட்ட சந்தனத்தை வீணாக்காமல் தன் கழுத்திலேயே தடவிக்கொண்டாள். எலினா சிரித்தாள்கூட. ஆக, இந்த டேப்பில் பொட்டு இல்லை. பொட்டு இல்லாத டேப்புக்கும் தொண்டை கட்டியிருக்கிறது.

எலினாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பீஸைக் கொடுத்தால் கம்பெனிக்காரன் கண்முன்னால் காட்டலாம், எல்லோருக்கும் மாற்றிக் கிடைக்கும் என்று கெஞ்சினாள். எலினா இரக்கமில்லாதவள் இல்லை. ஆனால் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை அவளும் பார்த்திருக்கிறாள். புதுச் சரக்கு எப்போது வரும் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. மெஷின் சத்தத்தில் பாட்டு இல்லாமல் காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் குனிந்து தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

"தொண்டை கட்டுனாலும் பேசுதுல்லாக்கா," என்றாள் எலினா. "குடுத்துட்டா அதுவும் இல்ல."

பாண்டீஸ்வரி எதிர் ஸ்டாண்டைப் பார்த்தாள். பறவை வந்தது, திரும்பிப் போனது. அதுவும் இந்த வருஷச் சரக்கோடு வந்த சிமோராதான், ஆனால் இத்தனை மாதமும் வாயே திறக்காததால் அதன் தொண்டை புதுசு. எலினா டேப்புக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிடலாமா என்று முதலாளியைக் கேட்டாள். தீபாவளிக்கு உனக்கென்று சொன்னேனே, அப்புறம் உனக்கு ஏது என்று அவர் கேட்டதற்கு, "எனக்கு எங்க வைக்கன்னே தெரியல மொதலாளி. அவகளுக்கு எடம் இருக்கு," என்றாள். கடலை நிறுத்தி, சத்தத்தைத் திறந்து, முந்தானையால் திரையைத் துடைத்து எலினா கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகு ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

மறுநாள் காலையில் எலினா தன் டேப்பை ஒரு நைட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முதலாளி போன் போட்டதில் கம்பெனிக்காரர் வந்தார், கழுத்துப் பட்டை இறுக்கிய சட்டை, அவசரம். சங்கரராஜா அவரை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் திறக்கச் சொன்னார். துளைகள் பளிச்சென்று இருந்தன. உள்ளே ஸ்பீக்கரின் மெல்லிய தாள் ஓரம் பிய்ந்து படபடத்தது. ஒட்டிய பசை சரியில்லை. பொட்டு வைத்தது ஒன்றையும் திறந்தார். அதிலும் அதே ஓரம், அதே கிழிசல். சந்தனம் வெளி வலையோடு நின்றுவிட்டிருந்தது, தாள் வரைக்கும் போகவேயில்லை. அவர் எழுந்து வெளியே போய் வெகுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, எல்லாப் பீஸையும் மாற்றிக் கொடுப்போம், சரக்கு வரட்டும் என்றார்.

சரக்கு மெதுவாகத்தான் வந்தது. வர வர, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். தப்பு உன்மேல் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காதில் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். கிண்ணம் மேலேயே இருந்தது. துளை துளைதானே, ஈரம் ஈரம்தானே என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மொக்கைச்சாமி ஒரு மழைநாள் வந்தார். சோளத்தில் மிச்சம் பாதி இன்னும் நிற்கிறதாம். புது டேப்பை எடுத்துக் கொடுத்தாள். நாய் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். கடையே அதிர்ந்தது, ரோட்டில் போன நிஜ நாய் ஒன்று பதில் கொடுத்தது. அவர் தலையை ஆட்டினார். ஆனால் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"என்ன பெரியப்பா?"

"வெறும் நெத்தியோடவா குடுக்க?" என்றார் அவர். "அன்னைக்கு ஒரு கோவத்துல பேசிட்டேன். வச்சு விடு தாயி."

பாண்டீஸ்வரி ஸ்டூலில் ஏறிக் கிண்ணத்தை எடுத்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டு வெகுநேரம் குழைத்தாள். விரல் டேப் வரைக்கும் போயிற்று. துளைகளுக்கு மேலே போய் நின்றது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணாடி மேசைக்கு மேலாக எட்டி, மொக்கைச்சாமியின் நெற்றியில் வைத்தாள்.