பூங்காவனம் அம்மாள் போடாத வழக்கு

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. ஆம்பூரிலிருந்து மஞ்சுளா பேசினார். பூங்காவனம் அம்மாளின் மருமகள் அவர். "குமாஸ்தா ஐயா, அத்தை போய்ட்டாங்க. காபி குடுக்க எழுப்புனேன், எழுந்திருக்கல" என்றார்.

ஆறுதலாக நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கண் சுவரில் இருந்த நாள்காட்டிக்குப் போயிற்று. செப்டம்பர் 29 அன்று அந்த அம்மையார் பெயரில் நான் தட்டச்சு செய்து அனுப்பிய அறிவிப்புக்கு அது நாற்பத்தோராவது நாள். "இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் மஞ்சுளா அழுகையை நிறுத்தினார். "அத்தையும் நேத்து இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். தோற்றம் 1-6-1957 என்று போட்டிருந்தது. அக்காலத்தில் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளில் பாதிப்பேரை ஆசிரியர்கள் ஜூன் முதல் தேதியில்தான் பிறக்க வைத்தார்கள், அதை விட்டுவிடலாம். மறைவு 10-11-2025 என்று போட்டிருந்தது. அது தவறு. பேனர் அச்சடித்த தேதியை மறைந்த தேதியாக்கிவிட்டார்கள். அதற்கும் கீழே, 'பல வழக்குகளை வென்று கால்வாயைக் காத்த வீரமங்கை' என்று ஒரு வரி. இதை என்னால் பொறுக்க முடியவில்லை. பூங்காவனம் அம்மாள் ஒரு வழக்கையும் வென்றவர் அல்லர். ஒரு வழக்கையும் போட்டவர் அல்லர். பதின்மூன்று ஆண்டுகள் நான் கெஞ்சியும் போடாதவர். இந்த உண்மையாவது சரியாகப் பதிவாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலூரில் நாற்பத்தோரு ஆண்டுகள் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்தவன். என் வழக்கறிஞர் காலமான பிறகு ஒரு நோட்டரியின் அறை மூலையில் தட்டச்சு மேசை போட்டுக்கொண்டேன். அங்கேதான் 2012 ஜூன் 11, திங்கட்கிழமை, பூங்காவனம் அம்மாள் வந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பழைய காபி நிறத்தில் இருந்தது. அதை என் சட்டப் புத்தகத்தின் மேலேயே வைத்தார்.

அவருடைய குறை சுருக்கமானது. தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் பொதுக் கிணறு. குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்குக் காட்டவும் தெருவுக்கே அந்தக் கிணறுதான். மேலே ஒரு தோல் தொழிற்சாலை. அவர்கள் பேச்சில் 'ஷாப்பு'. கழிவுநீர் முழுவதையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள், வேலை அதிகமான நாட்களில் மிச்சத்தை ஒரு பக்கக் குழாய் வழியாகக் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள்.

நான் முறைப்படி தொடங்கினேன். நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974 மார்ச் 23. சுற்றுச்சூழலைக் காப்பது குடிமக்கள் கடமை என்று அரசியலமைப்பில் சேர்த்தது 1977 ஜனவரி 3 முதல் நடைமுறை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1981 மார்ச் 29. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் 1986 மே 23, நடைமுறை நவம்பர் 19. நம் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1996 ஆகஸ்டு 28. பசுமைத் தீர்ப்பாயம், 2010 அக்டோபர் 18. பாதியில் அவர் முந்தானையால் விசிறிக்கொள்ளத் தொடங்கினார்.

"ஐயா, எழுவத்தி நாலுல எனக்குக் கல்யாணமே ஆவல. இத்தினி சட்டத்துல நான் எங்க வர்றேன்? அத மட்டும் சொல்லுங்க."

நாற்பதாண்டுப் பணியில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எரிச்சலாக இருந்தது, சரியான கேள்வியாகவும் இருந்தது. 1974இன் சட்டத்தில் அவர் எங்கும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகார் செய்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். கிணற்றுக்காரர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1986இன் சட்டத்தில், பத்தொன்பதாம் பிரிவில்தான், முதன்முறையாக 'யாரேனும் ஒருவர்' உள்ளே வருகிறார். நீர்ச் சட்டமே அவருக்கு வாசல் திறந்தது அதற்கும் பின்னால், 1988இல்.

"யாரேனும்னா?"

"யாரும். நீங்கள், நான், அதோ டீ கொண்டுவருகிறவர். ஆனால் குறைந்தது அறுபது நாள் முன்னதாக, வழக்குப் போடப்போவதாக அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில்."

"போடப்போறேன்னு சொல்லிட்டு அறுவது நாள் கம்முனு இருக்கணுமா?"

"ஆமாம். சட்டத்தை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றேன். திருடனுக்கு அறுபது நாள் தவணை என்று அந்தப் பிரிவின் மேல் எனக்கு அன்றும் கோபம்தான். ஆனால் அறிவிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் போனால் போதும். ஷாப்பில் மூச்சு விடக்கூடாது, அறுபது நாளும் பாட்டிலில் நீர் பிடித்துத் தேதி எழுதி வைக்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மூன்று முறை சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்த வாரமே ஒரு நகலை எடுத்துக்கொண்டு நேரே ஷாப்புக்குப் போய் மேனேஜர் சேகரிடம் கொடுத்துவிட்டார். கேட்டபோது என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவங்கள பத்தித்தானே எழுதிருக்குது? சொல்லாம கொள்ளாம கேஸ் போட்டா நல்லாவா இருக்கும்? பக்கத்துல இருக்கறவங்க ஐயா."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாதிரி பாட்டில்களில் தேதியும் எழுதவில்லை. ஒன்றில் 'துணி ஊறப் போட்ட அன்னிக்கு' என்று எழுதியிருந்தார். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது பக்கக் குழாய் அடைக்கப்பட்டு, வாயில் சிமெண்டுகூடக் காய்ந்திருந்தது.

அறுபத்தோராம் நாளுக்காக நான் பன்னிரண்டு பக்கப் புகார் மனு தயாரித்து வைத்திருந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஒன்றையும் வரைந்ததில்லை என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்கிறேன். 1974இலிருந்து ஒவ்வொரு சட்டமும் அதில் முறையாக வரும். பூங்காவனம் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மனுவைத் தொடவில்லை.

"ஐயா, கால்வா சுத்தமாச்சு. ரெண்டு மாசமா கெணத்துல வாடையே இல்ல. இன்னொரு நோட்டீசு அடிங்க."

"அம்மா, அறிவிப்பு என்பது வழக்குக்கு முன்னால் வருவது. அடுத்தது வழக்கு. மறுபடியும் அறிவிப்பு அல்ல."

"இன்னொண்ணு குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை. அந்த மனுவை உறைக்குள் வைத்தேன். இன்றும் உறையில்தான் இருக்கிறது. இரண்டாவது அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். அறுபது நாளில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் ஒரு கோப்பைத் திறந்தாக வேண்டும். ஷாப்புக்காரர்களுக்கோ, இவற்றில் எது உண்மையில் வழக்காகும் என்று தெரியாது. பூங்காவனம் அம்மாளுக்குத் தெரியும். எதுவும் ஆகாது.

ஒருமுறை என் பொறுமை எல்லை கடந்தது. சட்டத்தைக் கேலிக்கூத்தாக்குகிறீர்கள், ஒரே ஒரு வழக்குப் போட்டால் குழாயை நிரந்தரமாக மூடலாம் என்று கத்தினேன். நோட்டரியே எட்டிப் பார்த்தார். பூங்காவனம் அம்மாள் அமைதியாகச் சொன்னார்:

"குழாய மட்டுமா மூடுவாங்க? ஷாப்பயே மூடிடுவாங்க. தொண்ணூறுகள்ல கோர்ட்டு ஆர்டருன்னு எங்கூட்டுக்காரரு வேல செஞ்ச ஷாப்ப மூடுனாங்க. அவரு ஏழு மாசம் வாசப்படியிலயே உக்காந்துனு இருந்தாரு ஐயா. பேச்சே கம்மியாயிடுச்சு. இப்ப எங்க மஞ்சுளா அந்த ஷாப்புலதான் வேல செய்யறா. தெருவுல பாதிப்பேரு அங்கதான். ஷாப்பு ஓடணும். கால்வாயும் ஓடணும். ரெண்டுக்கும் ஒங்க சட்டத்துல எடம் இருக்குதா?"

இருந்தது. அந்த அறுபது நாளில் இருந்தது. அதை அவர் கண்டுபிடித்தார், நான் கண்டுபிடிக்கவில்லை. இதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பின் என் கோபத்துக்கு வேறு தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. 2019 நவம்பர் 28 அன்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வேலூர் ஆட்சியர் என்று அச்சடித்து வைத்த உறைகளில் எல்லாம் திருப்பத்தூர் என்று கையால் திருத்தினேன். இப்போது பதிவுத் தபாலையும் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். விதியோ பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் நான் புலம்பும்போது பூங்காவனம் அம்மாள், "ஏன் ஐயா பேஜாராவறீங்க? ஸ்டாம்ப ஒட்டுங்க" என்பார்.

அவர் கலங்கி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. 2024 ஏப்ரல் 1 முதல் 1986இன் சட்டத்தில் தண்டனைப் பிரிவு மாறியது. அதுவரை ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்த இடத்தில் தண்டத்தொகை வந்தது. அதையும் கட்டாமல் போனால்தான் சிறை. நான் செய்தித்தாளைக் காட்டி விளக்கினேன். செய்தித்தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார்.

"இத சேகர் கிட்ட நீங்க சொல்லலியே?"

"அம்மா, இது அரசிதழில் வெளியான சட்டம். நாட்டுக்கே சொல்லியாயிற்று."

"நாட்டுக்குச் சொன்னா சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

அந்த முறை நகலைக் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வயதான குமாஸ்தா ஒருவர் பக்கத்தில் நின்றால் சட்டம் இன்னும் விறைப்பாகத் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். சேகர் நல்ல மனிதர். எங்களுக்கு டீ வரவழைத்தார். நகலை வாங்கி, ஒரு தடித்த கோப்பில் மற்றவற்றோடு செருகிக்கொண்டே சிரித்தார்.

"பெரியம்மா, கவர்மெண்ட்டே ஜெயில எடுத்துட்டாங்க. நீங்க இன்னும் உட மாட்டீங்களா?"

அவருக்கும் தெரிந்திருந்தது. பூங்காவனம் அம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பத்தொன்பதாம் பிரிவ எடுத்துட்டாங்களா தம்பி?"

சேகர் என்னைப் பார்த்தார். "எடுக்கவில்லை" என்றேன்.

"அப்ப வர்றது வந்துகிட்டுத்தான் இருக்கும்."

"சரி, ஒங்களுக்கு அப்புறம்?"

"அப்புறம் இவரு."

நான் உடனே மறுத்தேன். நான் வேலூரில் வசிப்பவன், கால்வாய்க்கும் எனக்கும் தொடர்பில்லை, எனக்கு எழுபத்தெட்டு வயது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் டீயை ஊதிக் குடித்தபடி, "யாரேனும் ஒருவர்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். சேகர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாடத்தை என் மேலேயே திருப்பியவர் அவர் ஒருவர்தான்.

அடக்கத்தன்று சேகர் மாலையோடு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது, நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் கலைந்தபின் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அந்த நோட்டீசு இப்ப... முடிஞ்ச மாதிரிதானே?" என்றார்.

சட்டப்படி அது சரியான ஐயம். அறிவிப்புக் கொடுத்தவர்தான் புகார் கொடுக்க முடியும். அவர் மறைந்தால் அந்த நாற்பத்தோரு நாளும் வீண். எழுபத்து மூன்று அறிவிப்புகளுக்குப் பிறகு, அன்று முதன்முறையாக அந்தக் கால்வாய்க்குக் காவல் இல்லை. சற்றுத் தள்ளி, மஞ்சுளாவும் தெருப் பெண்களும் கிணற்றில் நீர் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நீர் தெளிவாக இருந்தது.

"முடிந்தது" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்த நிம்மதியை நான் பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என் மேசையில் உட்கார்ந்து எழுபத்து நான்காவது அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். பெயர் இருந்த இடத்தில் என் பெயர். உறையில் கிடந்த பன்னிரண்டு பக்க மனுவை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்; இன்னும் நன்றாகத்தான் இருந்தது. திரும்ப உள்ளே வைத்தேன். நவம்பர் 12, புதன்கிழமை காலை அறிவிப்பைத் தபாலில் சேர்த்துவிட்டு, நகலோடு ஆம்பூர் பஸ் ஏறினேன். விதியில் இல்லாத வேலை. முட்டாள்தனமான வேலை என்று பதின்மூன்று ஆண்டுகள் நானே சொன்ன வேலை.

ஷாப்பு வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். முன்பு வந்தபோது பூங்காவனம் அம்மாள்தான் எழுதினார்; நான் பார்க்கவில்லை. இப்போது பின்பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவருடைய கோணல் எழுத்து. தேதிக் கட்டத்தை ஒருமுறையும் நிரப்பியதில்லை. காவலாளிதான் வேறு மையில் நிரப்பியிருக்கிறார். ஆனால் 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் தவறாமல் இரண்டே சொற்கள்: அறுபது நாள்.

நான் பேனாவைத் திறந்தேன். தேதியை எழுதினேன். காரணத்தில், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவின்படி என்று எழுதத் தொடங்கினேன். கட்டம் போதவில்லை. அடித்துவிட்டு, அவர் எழுதியதையே எழுதினேன்.

போய் வாருங்கள், அம்மா. புதிய கெடு ஜனவரி 11இல் முடிகிறது. அது ஞாயிற்றுக்கிழமை. 12ஆம் தேதி திங்கட்கிழமை நான் மறுபடியும் ஆம்பூரில் இருப்பேன்.