மண்ணிறக் கால் மீன்கொத்தி

நான் என் மனைவியை ஏமாற்றியவன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்த மீன்கொத்தியை நான் ஒருநாளும் கண்டதில்லை!

கேளுங்கள். நான் வவுனியாவில் கடைப் பெயர்ப்பலகை எழுதுபவன். சாந்தி விலங்கியல் ஆசிரியை. கல்யாண நாளுக்கு ஒரு பறவைப் படம் கேட்டாள். ஒரேயொரு நிபந்தனை... நெளுக்குளத்துக் குளக்கட்டில் உயிரோடு பார்த்துத்தான் கீற வேண்டும்.

விடியற்காலையில் எழும்ப எனக்குப் பஞ்சி. வேறென்ன சொல்ல! வெள்ளைக்காரர் காலத்து ஓவியமொன்றைக் கைபேசியில் எடுத்து, இறகுக்கு இறகு பார்த்துக் கீறினேன். எத்தனை அழகான வேலை அது! கால்களுக்கு மட்டும் மங்கல் மண்ணிறம். நானும் அதையே தீட்டினேன்.

மீன்கொத்திக்குக் கால் சிவப்பல்லவா, இதற்கேன் இப்படி என்று சாந்தி கேட்டாள். குளக்கட்டில் கண்டது அப்படித்தான் என்றேன். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு அவளே விளக்கினாள்.

"அந்தக் காலத்திலை கப்பலிலை போன செத்த பறவையின்ரை தோலைப் பாத்துத்தான் கனபேர் கீறினவை. செத்தால் காலின்ரை சிவப்பு மங்கிப்போகும். அதாலை பழைய படங்களிலை நிறம் பிழைக்கும். நீங்கள் உயிரோடை கண்டெல்லே கீறினனீங்கள். அப்ப இது புது விசயம்."

படித்ததை அவள் நம்பவில்லை... என் கண்ணை நம்பினாள்!

அன்று முதல் அந்த மண்ணிறக் கால் பறவையைத் தேடி விடியுமுன்னே இருவரும் குளக்கட்டில் நிற்கிறோம். தேநீர்ப் போத்தல் என் தோளில், தொலைநோக்கி அவள் கழுத்தில். பஞ்சி பிடித்த நான் இப்போது அவளுக்கு முன்னே எழும்பிவிடுகிறேன். அவள் பக்கத்தில் நிற்கும் அந்தப் பொழுது எனக்கு அவ்வளவு இனிக்கிறது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடுமே... இது கோழைத்தனமா, அன்பா? எனக்கே தெரியவில்லை.

வருகிற கிழமை மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசப்போகிறாள். சிரிக்கமாட்டார்களா? இன்று சொல்லிவிடத்தான் தொண்டையைச் செருமினேன்.

அப்போது எதிரே மருதங்கொப்பில் ஒரு மீன்கொத்தி வந்து குந்தியது. வெயில் பட்டு அதன் கால் செக்கச்செவேலென்று... எவ்வளவு வடிவு! மீன்கொத்தியொன்றை நான் ஒழுங்காகப் பார்த்தது இன்றுதான்.

சாந்தி தொலைநோக்கியை இறக்கினாள். பறவையென்றால் உயிரை விடுகிறவள், உயிருள்ள பறவையைக் கண்டு முகம் வாடினாள்... என்னால்!

"இதுவும் சிவப்புத்தான். பரவாயில்லை, நாளைக்கும் வருவம் என்னப்பா?"

"ஓம்" என்றேன்.