கண்ணாடி அறையின் கடைசிக் கூட்டம்

அரண்மனையின் மேல்தளத்தில் சன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. ராணிக்காகக் கட்டியது என்கிறது வாசலில் உள்ள பலகை. நான்கு சுவரிலும் கண்ணாடி. இருபது பேரை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டுவது காவலாளி அண்ணனின் வேலை. ஒரு சுடர் ஆயிரமாகும்போது கூட்டம் வாய்பிளக்கும். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்தவருக்குக் கொட்டாவிதான் வரும்.

அவர் எண்ணும் முறை தனி. கண்ணாடிகள் முழங்கால் உயரத்திலிருந்துதான் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் கல். ஆகவே வெளியேறும்போது தலைகளை எண்ண மாட்டார், கால்களை எண்ணுவார். "மூஞ்சி கண்ணாடில ரெண்டாத் தெரியும், கால் அப்படித் தெரியாது" என்பார். நாற்பது கால் வெளியே வந்தால்தான் பூட்டுவார். இத்தனை வருடத்தில் ஒரு கால்கூடத் தவறியதில்லை.

அந்த வாசலில் சீட்டுக் கிழிப்பவன் நான். ஒருநாள் அவர் சாவித் துவாரத்தை விரலால் தடவித் தேடுவதைப் பார்த்துவிட்டேன். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரங்கள் இருண்டுவிட்டன, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"வாயத் தொறந்துடாத தம்பி. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேலை போகும். வேலை போனா குவார்ட்டர்ஸ் போகும். வீட்டுலயே இன்னும் சொல்லல."

நான் வாய் திறக்கவில்லை. அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி அரண்மனைக்குள் வந்ததே இல்லை. பின்பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தபடி அதன் புறச்சுவரைத்தான் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள் வெளியூரிலிருந்து அவர் தங்கை பிள்ளைகளோடு வந்திருந்ததால் அவரும் கிளம்பிவிட்டார். கடைசிக் கூட்டம் அவர்களுடையது.

"என்ன மாமா, அக்காவுக்கு ராஜா வீட்டச் சுத்திக்காட்ட பத்தொம்பது வருசமா? கல்யாணத்துக்கே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்களே" என்றாள் தங்கை.

"யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

விளக்கு அணைந்தது, சுடர் ஏறியது, சத்தம் எழுந்தது. பிறகு கதவு திறந்தது. அன்று கூட்டம் நெருக்கியடித்து வந்தது. கீழே இருட்டில் கால்கள் அவருக்குத் தெரியவில்லை போலும். தலையை நிமிர்த்தி எண்ணினார். நான் அதைக் கவனித்தேன். இருபது என்று சொல்லி, மெழுகுவத்தியைத் தூக்கிக் காலி அறையை ஒருமுறை பார்த்து, ஊதி அணைத்துப் பூட்டினார். கதவோரக் கண்ணாடியில் தெரிந்த யாரோ ஒருவரின் முகத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அரைமணி கழித்து, எல்லா வாசலும் சாத்தும் நேரத்தில், தங்கை தோட்டத்திலிருந்து திரும்பி வந்தாள்.

"அக்கா உங்ககூட இல்லையா மாமா?"

அண்ணன் படியேறி ஓடினார். நானும் ஓடினேன். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நான் பிடுங்கித் திறந்தேன்.

அண்ணி மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்கிறதென்று கொஞ்சம் உட்கார்ந்தாராம். முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

"கத்தியிருக்கலாமேடி!"

"கத்தலாம்னுதான் வாயத் தொறந்தேன். மெழுகுவத்தியத் தூக்கிப் பிடிச்சு இந்த மூலையத்தான் பாத்தீங்க. என் முகத்தையே பாத்துட்டு ஊதி அணைச்சீங்க." அவர் மூச்சு வாங்கினார். "அப்பதான் புரிஞ்சுது. கத்தினா நாலு பேரு வருவாங்க. வந்தா அவங்களுக்கும் புரியும்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் நூறு அண்ணன்கள் அப்படியே நின்றார்கள்.

அதற்குள் விஷயம் கீழே போய்விட்டது. அரண்மனைக் கண்காணிப்பாளர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். அண்ணிதான் முந்திக்கொண்டு பேசினார்.

"சார், நான்தான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சேன். இவரு தேடுறாரான்னு பாக்கலாம்னு. வயசான காலத்துல புத்தி போகுது பாருங்க."

கண்காணிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அறையில் தூணே கிடையாது. அது அவருக்கு நினைவில்லை. "சரிம்மா. பூட்ட லேட்டானதுக்கு ரெண்டு வரி எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று தாளை நகர்த்தினார்.

அண்ணன் பேனாவை வாங்கினார். குனிந்து, நிதானமாக, அழகாகக் கையெழுத்திட்டார். முதல் எழுத்து தாளின் ஓரத்தில் விழுந்தது. மீதி முழுவதும் மேசைமேல்.

சிரிப்பு நின்றது. கண்காணிப்பாளர் தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எவ்வளவு நாளா?"

அண்ணி தன் முந்தானையால் மேசைமேல் இருந்த மையைத் துடைத்தார். அது போகவில்லை, பரவியது. துடைப்பதை நிறுத்திவிட்டு, கணவரின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தானே அவிழ்த்து, மேசைமேல் வைத்தார்.

"வீட்டக் காலி பண்ண ஒரு மாசமாவது குடுங்க சார்" என்றார்.